சித்திரைக்குப் பயந்து மறைத்த மாதம்

பட்டுக்கடையில் வேலை பார்ப்பவர்களுக்குக் கண் முன்னால் பொட்டுப் பொட்டாக மின்னுவது ஓர் அதிசயமே இல்லை. நாள் முழுக்க விளக்கடியில் ஜரிகையை விரித்துக் காட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினாலும் அதுவேதான் மின்னும். அதனால் மாசி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், ஒரு கல்யாணப் பெண்ணின் தோளில் அரக்குச் சேலையைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது என் கண்ணோரத்தில் ஏதோ மினுக்கியதை ஜரிகை என்றுதான் நினைத்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த சேலையை எடுத்தேன். அதுவும் மினுக்கியது. அது ஜரிகையே இல்லாத சாதாரணச் சேலை.

காலையிலிருந்தே தலை பிளந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாகச் செருப்பு காலில் நுழையவில்லை. மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி வைத்துவிட்டேன். இவை எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் தயாராக இருந்தது. நின்றுகொண்டே பார்க்கிற வேலை, கால் வீங்கத்தான் செய்யும். வெயில் ஏறுகிறது, தலை வலிக்கத்தான் செய்யும். வயிற்றில் ஏழு மாதம், மூச்சு வாங்கத்தான் செய்யும். கடையில் என்னோடு இருக்கும் பெண்தான் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "ரேவதி, உன் மூஞ்சி ஏன் இப்பிடி ஊதிக்கினு இருக்குது? நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போமா. சேலைய நான் மடிச்சி வெச்சிக்கிறேன்" என்றாள். என் கணவர் சரவணனுக்கு அவளே போன் செய்தாள். தறியை அப்படியே போட்டுவிட்டு அவர் ஆட்டோவோடு வந்தார்.

நாங்கள் பெரிய ஆஸ்பத்திரி என்று சொல்லும் அரசு மருத்துவமனையில், அவசரப் பிரிவு சிஸ்டர் என் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவிழ்த்து மற்றக் கையில் சுற்றினார்.

"கண்ணுல பூச்சி பறக்கிற மாதிரி இருக்குதாம்மா?"

"ஆமாம் சிஸ்டர். ஜரிகைன்னு நெனச்சேன்."

"மேல் வயிறு வலிக்குதா?"

"காலையில இருந்து. வாயுன்னு நெனச்சேன்."

"எல்லாத்துக்கும் நீயே ஒரு பேர் வெச்சிக்கினா நாங்க எதுக்கும்மா இருக்கோம்?" என்றவர் சக்கர நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். நடந்தே வருகிறேன் என்று நான் எழுந்ததும் அவர் போட்ட அதட்டலில் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு வந்தது என்ன என்பதை டாக்டர் சொன்னபடியே எளிமையாகச் சொல்கிறேன். கர்ப்பத்தின் பின்பாதியில் சில பெண்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் இறங்கும், முகமும் கையும் வீங்கும். குழந்தைக்குச் சோறு போடுவது நஞ்சுக்கொடி. அது முதல் மாதங்களிலேயே சரியாக ஊன்றாமல் போவதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறதாம். முற்றினால் மூளைக்கு ஏறி வலிப்பு வரும். வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. மாத்திரை கொடுத்து அழுத்தத்தை இறக்கலாம், வலிப்பு வராமல் ஊசி போடலாம். ஆனால் தீர்வு என்பது ஒன்றுதான். பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும்.

எடுப்பதென்றால் எப்போது எடுப்பது? அதனால் முதல் கேள்வியே "எத்தனை வாரம்?" என்பதுதான். ஓடி வந்து சேர்ந்திருந்த என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுபவர், நான் வாயைத் திறப்பதற்குள் "முப்பது வாரம்மா, ஆவணிக் கணக்கு" என்றார்.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். எனக்கு வைகாசியில் கல்யாணம். ஆடி பிறப்பதற்குள் புதுப்பெண்ணைத் தாய்வீட்டார் அழைத்துக்கொண்டு போய்விடுவது ஊருக்கெல்லாம் தெரிந்த வழக்கம். ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிறக்கும், தலைப்பிள்ளை சித்திரையில் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் பேச்சு. ஆடியில் பெண் யார் வீட்டில் இருக்கிறாளோ அவர்கள்தான் அதற்குக் காவல். அந்தக் காவல் வேலை தாமல் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு வந்தது. ஆடிப்பெருக்கு அன்று மாப்பிள்ளையை விருந்துக்கு அழைத்தார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரை வழியே வண்டி ஓட்ட முடியாது என்று அவர் தங்கிவிட்டார். கட்டிய பெண்டாட்டியின் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதற்கு, கன்னம் வைத்த திருடர் போல விடியுமுன்னே நழுவினார். "உங்க அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம்" என்று அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார்.

ஆடிக் கடைசியில் எனக்குக் கொஞ்சம் ரத்தம் பட்டது. வழக்கமாக மூன்று நாள் என்னைப் புரட்டி எடுத்துவிடும், அந்தத் தடவை ஒரே நாளில் நின்றது. அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. "வந்துடுச்சா? வயித்துல பாலை வாத்தா மாரியாத்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கர்ப்பம் தங்கிய புதிதில் சிலருக்கு அப்படிச் சொட்டுப் படும், அது மாதவிலக்கே இல்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்? நானும் நம்பினேன்.

புரட்டாசியில் மெடிக்கலில் வாங்கிய அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. வீட்டில் எல்லாரும் வாயெல்லாம் பல்லாக நின்றோம். ஆவணியில் தங்கியது, வைகாசியில் பிறக்கும் என்று இரண்டு வீட்டிலும் கணக்குப் போட்டாயிற்று. உடனே டாக்டரிடம் போகலாமா என்று சரவணன் கேட்டதற்கு அத்தை கையமர்த்தினார். "மூணு முடியட்டும்பா. அதுக்குள்ள ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சா கண்ணு பட்டுடும்" என்றார். எங்கள் தெருவுக்கு வரும் நர்சம்மாவிடம் பேர் கொடுத்தால் அவர் தவறாமல் வீடு தேடி வருவார், தெருவுக்கே தெரிந்துவிடும் என்பது அவர் பயம். அம்மாவிடம் போனில் கேட்டேன். "அத்த சொல்றதுதான் சரி கண்ணு" என்றார். மூன்று முடிந்தது. தீபாவளி போகட்டும் என்றார்கள். தீபாவளி போனது. கார்த்திகை முகூர்த்தத்துக்குத் தறியில் கல்யாணச் சேலைகள் ஏறியிருந்தன, யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. அப்புறம் மார்கழி. மார்கழியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாதாம். என் வயிறு மட்டும் எந்த மாதத்துக்கும் காத்திருக்காமல் வளர்ந்துகொண்டே வந்தது.

தை பிறந்து பொங்கல் முடிந்த பிறகுதான் நர்சம்மாவிடம் போனோம். அவர் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஏறித்தான் இருக்குது. மொத மாசத்துல எவ்ளோ இருந்துச்சின்னு தெரிஞ்சாத்தானேம்மா, இது உன் உடம்பு வாகா, இல்ல புதுசா ஏறுதான்னு சொல்ல முடியும்? இப்பத்தான் வரியா?" என்று சத்தம் போட்டார். மாத்திரை கொடுத்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேன் சொன்னதும் எங்கள் கணக்கும் ஏறத்தாழ ஒத்துப்போனதால் யாரும் மேலே கேட்கவில்லை.

இனி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். வலிப்பு வராமல் இருக்க ஒரு மருந்தை ஊசியாகப் போட்டார்கள். போட்ட மாத்திரத்தில் காது மடலிலிருந்து பாதம் வரை உடம்பு தீயாக எரிந்தது. நாக்கு தடித்துப் போனது. அந்த மருந்து அளவு மீறிவிடக் கூடாதென்று அடிக்கடி ஒரு சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்ப்பார்கள். கால் துள்ளினால் சரி. ஒவ்வொரு முறை சுத்தியலைப் பார்க்கும்போதும், கால் துள்ளாமல் போய்விடுமோ என்ற பயத்தில் நானே வேண்டுமென்று துள்ளவிட்டேன். சிஸ்டர் கண்டுபிடித்து, "நீ சும்மா இரும்மா, அது தானா துள்ளட்டும்" என்று அதட்டினார்.

பயம் என்றால் என்ன என்று நான் அதுவரை தெரிந்துகொண்டதில்லை. பரீட்சைக்குப் பயந்திருக்கிறேன், பாம்புக்குப் பயந்திருக்கிறேன். அதெல்லாம் வந்து போகிற பயம். இது அடிவயிற்றில் குடித்தனம் வைத்துவிட்டது. பிள்ளையின் இதயத்துடிப்பை ஒரு கருவியை வைத்துக் கேட்பார்கள். எங்கள் வீட்டுத் தறியை எத்தனை வேகமாக ஓட்டினாலும் அந்த வேகம் வராது. அதைக் கேட்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன், கேட்டதும் அழுவேன். கருவியை எடுத்த மறுநிமிடமே பயம் மறுபடி ஆரம்பித்துவிடும். இப்போது துடிக்கிறதா? இந்த நிமிடம்? அசைவு எத்தனை என்று எண்ணச் சொல்லியிருந்தார்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்ததை நான் இரண்டு வேளை வெளியே சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் போலிருந்தது. பிறகு பயம் தாங்காமல் சொல்லிவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஷமீமா என்றொரு பெண் இருந்தாள். ஜரிகை வியாபாரம் செய்யும் குடும்பம். அவளுக்குச் சர்க்கரை. "ரெண்டாவது மாசம் ரத்தம் எடுத்தப்பவே தெரிஞ்சிபோச்சிக்கா. அதுலருந்து சோறு, மாத்திரை, நடை எல்லாம் அவங்க சொன்னபடிதான். இப்ப புள்ள நல்லா இருக்குதாம்" என்றாள். பிறகு, "நீங்க எப்பக்கா பேர் குடுத்தீங்க?" என்று கேட்டாள். தையில் என்றேன். அவள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள், சட்டென்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். சாயங்காலம் அவள் அம்மா பேரீச்சம்பழம் கொண்டுவந்தபோது எனக்கும் நாலு எடுத்துவைத்து, என் வயிற்றைப் பார்த்து ஏதோ முணுமுணுத்து ஓதிவிட்டுப் போனார்.

ஆண்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். சரவணன் வெளியே மரத்தடியிலேயே கிடந்தார். இளநீர், வெந்நீர், துவைத்த துணி என்று எதையாவது உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒரு முறை உப்பில்லாத தயிர்சாதத்தின் மேல் மாதுளை முத்துகளை வரிசையாகப் பதித்து அனுப்பியிருந்தார். சேலையில் புட்டாப் பூ போடுகிற கை சும்மா இருக்கவில்லை. அதைப் பார்த்துச் சிரித்தேன், பிறகு சாப்பிட முடியாமல் அழுதேன்.

உள்ளே அம்மாவும் அத்தையும் மாற்றி மாற்றி இருந்தார்கள். அத்தை பேச்சில் கறார். வாயால் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். என் காலை மடியில் வைத்துப் பிடித்துவிடுவார். அழுத்திய இடத்தில் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். அது எப்போது மேலே வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். வாய் ஓயாத அம்மா, ஃபிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை. அந்தப் பிரசவத்தில் அம்மாவுக்கு ஜன்னி, அதாவது வலிப்பு, கண்டது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டில் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் அந்தப் பிரசவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. அது என் பயத்தை இரண்டு மடங்காக்கியது.

சேர்ந்த மூன்றாம் நாள் காலை பெரிய டாக்டரம்மா புது ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டிலருகே வந்தார். பிறகு அத்தையையும் அம்மாவையும் கூப்பிட்டார்.

"குழந்தை முப்பது வார அளவுதான் இருக்குது. நீங்க சொல்ற கணக்கும் முப்பது. ரெண்டும் சரியாத்தான் இருக்குது. ஆனா கொடி வழியா குழந்தைக்குப் போற ரத்தம் ரொம்பக் குறைஞ்சிபோச்சி. அப்படிப் பட்டினி கிடக்கிற குழந்தை, வயசுக்கேத்த அளவுல எப்படி இருக்கும்? அதான் இடிக்குது" என்றார்.

அத்தைக்குப் புரியவில்லை. "அப்பிடின்னா இன்னாம்மா பண்ணணும்?"

"முப்பது வாரம்தான்னா, குழந்தையோட நுரையீரல் தேற ஊசி போட்டிருக்கோம், தினமும் பார்த்துக்கினு இன்னும் ஒரு பத்து நாளாவது உள்ளயே வெச்சிக்கத்தான் பார்ப்பேன். அவ்வளவு பிஞ்சு, வெளிய எடுத்தா தாங்காது. ஒருவேளை முப்பத்திநாலு வாரம்னா, நிலைமையே தலைகீழ். குழந்தைக்கு வயசு ஆயிடுச்சி, சாப்பாடு இல்லாம இளைச்சிக் கிடக்குதுன்னு அர்த்தம். அப்போ ஒரு நாள்கூட உள்ள விடக் கூடாது. உள்ளயே போயிடும்."

அவர் 'போயிடும்' என்று சொன்னதும் நான் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்கேன்ல தெரியாதாம்மா?" என்றார் அத்தை.

"மொத மூணு மாசத்துல எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அப்போ எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே அளவுலதான் வளரும், நாள் தப்பாது. இப்போ எடுத்தா, இது சின்ன வயசா, சின்ன உடம்பான்னு என்னால பிரிக்க முடியாது. அதனாலதான் கேக்கறேன். கடைசியா தலைக்குக் குளிச்சது ஆடிக் கடைசிதானா? எப்பவும் வர்ற மாதிரி வந்துச்சா?"

நான் பேச முயன்றேன். தடித்த நாக்கு புரளவில்லை. "கொஞ்சம்... ஒரு நாள்" என்றது எனக்கே கேட்கவில்லை. அத்தைதான் சொன்னார். "ஆடிக் கடைசிதாம்மா. அப்ப அவ தாய்வீட்ல இருந்தா. சம்மந்திதான் சொன்னாங்க."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். ஃபிளாஸ்கை அவர் மெதுவாகத் தரையில் வைத்தார்.

"டாக்டரம்மா, அது முழுசா வந்தது இல்லீங்க" என்றார். "சொட்டுதான் பட்டுச்சி. ஒரு நாள். நான்தான் அதக் கணக்குல வெச்சேன். சரியா வந்தது அதுக்கு முந்தின தபா. ஆடி மொத ஞாயித்துக்கெழம, எங்க ஊர் அம்மனுக்குக் கூழ் ஊத்துன அன்னிக்கு. இவ கோயிலுக்கு வரல, வெளியதான் ஒக்காந்திருந்தா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

டாக்டரம்மா கணக்குப் போடச் செல்போனை எடுத்தார். அம்மா நிறுத்தவில்லை. அத்தையின் பக்கம் திரும்பினார். வார்டு முழுக்கக் கேட்கும்படி, அழுகையும் பேச்சுமாகக் கொட்டினார். "சம்மந்தி, பதினெட்டாம் பெருக்குக்கு மாப்ள வந்தாரு. மழ. ராத்திரி தங்கிட்டாரு. நான்தான் தங்கச் சொன்னேன். சீக்கிரமா ஸ்கேன் எடுத்தா ஆடியில தங்குனது தெரிஞ்சிபூடும், எம் பொண்ண நீங்க எதனா சொல்லுவீங்கன்னு, நீங்க அப்புறம் அப்புறம்னு சொன்னப்பல்லாம் நானும் ஆமாம் போட்டேன். எனக்கு மொதப் புள்ள இப்பிடித்தான் போச்சி. இதுவும் போச்சின்னா நான் இருக்க மாட்டேன்."

 அத்தை என் காலைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும் சம்மந்தி" என்றார்.

அத்தையே மேலும் சொன்னார்.

"மறுநாள் காலைல வண்டிச் சக்கரம் பூரா ஏரி மண்ணு. கேட்டதுக்கு, சிநேகிதன் வூட்டுல தங்கனேன்னான். அவன் சிநேகிதன் அத்தினி பேரும் நம்ம தெருவுலதான் இருக்கானுங்க. நான் வாயத் தொறந்தா எங்க வூட்டு மானம் போவும்னு இருந்தேன். அப்பால ஆடிக் கடைசியில குளிச்சான்னு நீங்க சொன்னீங்க, நிம்மதியா பூட்டுது. அதத் தோண்டிக் கேக்க எனக்கும் மனசில்ல." அப்புறம் டாக்டரம்மாவைப் பார்த்துக் கை கூப்பினார். "சித்திரையில பொறந்தா இன்னா, எப்பப் பொறந்தா இன்னா. புள்ளைய எடுத்துக் குடுங்கம்மா."

டாக்டரம்மா செல்போனிலிருந்து தலை தூக்கினார். "முப்பத்திநாலு" என்றார். "சித்திரை வரைக்கும்லாம் இல்ல. இன்னிக்கே." சிஸ்டரைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார்.

அதற்குப் பிறகு நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. யாரோ என் தாலிச்சரட்டைக் கழற்றி அத்தையிடம் கொடுத்தார்கள். நடைபாதையில் சரவணன் கூடவே ஓடி வந்து என் கையைப் பிடித்தார், "ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாது" என்று அவருக்கே சொல்லிக்கொண்டார். முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. முகத்துக்கு முன் பச்சைத் துணித் திரை. அந்தப் பக்கம் என்னைப் பிடித்து இழுப்பதும் தள்ளுவதும் தெரிந்தது, வலிக்கவில்லை. டாக்டரம்மா யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார்.

பிள்ளை பிறந்ததும் அழும் என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அழவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம், உறிஞ்சும் கருவியின் சத்தம், "தேய்ங்க, நல்லா தேய்ங்க" என்ற குரல். அழு, அழு என்று நான் மனதுக்குள் கத்தினேன். சாமி பேர் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அப்புறம் ஈனமாக ஒரு சத்தம் வந்தது. கதவிடுக்கில் மாட்டிய காற்று போல அத்தனை மெலிசு. அது நின்றது. மறுபடி வந்தது.

பெண். ஒன்றரைக் கிலோகூட இல்லை. என் கன்னத்தருகே ஒரு கணம் காட்டிவிட்டு, பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தோல் சுருங்கி, கன்னமில்லாமல், ஆனால் விரல் நுனிவரை நகம் வளர்ந்த குழந்தை. "நகத்தப் பாருங்க, காலைப் பாருங்க. இது முப்பது வாரக் குழந்தையே இல்ல" என்று குழந்தை டாக்டர் சொன்னதாக அத்தை பின்னால் சொன்னார். அன்று பங்குனி முதல் தேதி. சித்திரைக்குப் பயந்து நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் மறைத்தோம். சித்திரை வரை அவளால் உள்ளே இருந்திருக்கவே முடியாது.

எனக்கு அழுத்தம் உடனே இறங்கிவிடவில்லை. பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம் என்று கட்டிலோடு வைத்திருந்தார்கள். பிள்ளை ஒரு கட்டடத்தில், நான் ஒரு கட்டடத்தில். பாலைப் பீய்ச்சிச் சின்னக் கிண்ணத்தில் கொடுத்தால், மூக்கில் போட்ட குழாய் வழியாக அதைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்கள். அந்தக் கிண்ணத்தை யார் கொண்டுபோவது என்பதில் அம்மாவுக்கும் அத்தைக்கும் சண்டையே வந்தது. எழுந்து நடக்க விட்டதும் நானே போனேன். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, சட்டையில்லாமல் என் மார்மேல் போட்டுத் துணியால் கட்டிவிட்டார்கள். கங்காரு முறை என்று பெயர். தாயின் சூட்டில் பிள்ளைக்கு எடை ஏறுமாம். நான் தும்மினால் எங்கே விழுந்துவிடுவாளோ என்று தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பெட்டி ஒன்று ஒரு காலையில் காலியாக இருந்தது. அந்தக் குழந்தை வீட்டுக்குப் போய்விட்டதா என்று நான் சிஸ்டரைக் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

வீடு திரும்பிய பின், பரிசோதனைக்குப் போன நாளில் டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காதா? அவர் பூசி மெழுகவில்லை. "நடந்தே இருக்காதுன்னு சொல்ல மாட்டேன்மா. உங்கம்மாவுக்கு ஜன்னி வந்த விஷயம் மொதல்லயே தெரிஞ்சிருந்தா, நாலு மாசம் முடியறதுக்குள்ள தினம் ஒரு சின்ன மாத்திரை ஆரம்பிச்சிருப்போம். நிறைய பேருக்கு அது இந்த நோயத் தடுக்குது, இல்லன்னா தள்ளிப் போடுது. உன் பிரஷர் எங்கருந்து ஏறுச்சின்னு தெரிஞ்சிருக்கும். குழந்தைக்கு வயசு தெரிஞ்சிருக்கும். லேட்டா வந்தா அந்த மாத்திரையால பெருசா பிரயோஜனம் இல்ல" என்றார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். "அன்னிக்கு உன் கட்டிலுக்கு வர்றதுக்கு முன்னாடியே, முப்பது வாரம்னு வெச்சி, காத்திருக்கலாம்னுதான் எழுதியிருந்தேன். போறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுடலாம்னு வந்தேன். உங்கம்மா பேசலன்னா நான் காத்திருந்திருப்பேன்." குழந்தை அதுவரை இருந்திருக்குமா என்று நான் கேட்டேன். அவர் என் மடியிலிருந்தவளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இல்லையென்று தலையசைத்தார்.

அறுவை மேசையில் பயந்ததைவிட அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதிகம் பயந்தேன்.

இதைப் படிக்கும் பெண்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய ஞானமெல்லாம் இல்லை. நாள் தள்ளிப்போனதா, அந்த வாரமே போங்கள். வெளியே சொல்ல வேண்டாமென்றால் சொல்லாதீர்கள். ஊருக்குச் சொல்வது வேறு, டாக்டருக்குச் சொல்வது வேறு. அவர்களுக்கு ஆடியும் ஒன்றுதான், ஐப்பசியும் ஒன்றுதான். எந்த மாதத்தில் தங்கியது என்று கேட்டு அவர்கள் சிரிக்கப் போவதில்லை. உங்கள் அம்மாவுக்குப் பிரசவத்தில் என்ன நடந்தது என்று வீட்டில் கேளுங்கள். சொல்ல மறுத்தாலும் விடாமல் கேளுங்கள். சொட்டுப் பட்டதையும் சொல்லுங்கள்.

என் மகளுக்கு இப்போது கன்னம் வந்துவிட்டது. எடை இன்னும் குறைவுதான், பார்த்துப் பார்த்து ஊட்டுகிறோம். யார் எடுத்தாலும் போகிறாள், யார் மூக்கையும் விடுவதில்லை. நன்றாக இருக்கிறாள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், எனக்கும் தெரிகிறது. ஆனாலும் பகலில் அவள் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கிவிட்டால் என்னால் பொறுக்க முடிவதில்லை. போய்ப் பாதத்தைச் சுரண்டி எழுப்பிவிடுகிறேன். அத்தை திட்டுகிறார். அவள் வீறிட்டு அழுகிறாள். அழட்டும்.